வெண்ணெய், நாலு மணி

போன வாரம் டொரண்டோவிலிருந்து அக்கா மகள் கூப்பிட்டாள். “மாமா, இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெரம்பூர் பாட்டி கேக்கை நானே பண்ணப் போறேன். அந்தப் புக்ல இருக்கறதை அப்படியே டைப் பண்ணி அனுப்புங்க. போட்டோ வேணாம், பாட்டி எழுத்து எனக்குப் புரியாது” என்றாள். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை என்று அளவுகளை அடித்து முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் இருந்த ஒரு வரிக்கு வந்தேன். ‘வெண்ணெய் – 4 மணி.’ அங்கேயே கை நின்றுவிட்டது. இதை டொரண்டோவில் இருக்கிற பெண்ணுக்கு எப்படி எழுதி அனுப்புவது?

பெரம்பூர் பாட்டி என்று அவள் சொல்வது என் அத்தையை. அப்பாவுக்கு மூத்தவர். நாகர்கோவிலில் பிறந்து, நர்ஸ் படிப்பு முடித்து, ரயில்வேயில் வேலை கிடைத்து மெட்ராஸுக்கு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படிப்பதற்காக என்னை அத்தை வீட்டில் விட்டார்கள். நான் அங்கேயே வளர்ந்துவிட்டேன். அந்தத் தெருவில் ஒரு காலத்தில் பாதி வீடுகளில் ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தார்களாம். லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், ரயில் பெட்டி கட்டுகிற ஐ.சி.எஃப். என்று வீட்டுக்கு ஒருவராவது ரயில்வேயில். எழுபதுகளில் ஒவ்வொரு குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. எதிர்வீட்டு ஆண்ட்டி போகும்போது தூக்கிப்போக முடியாத சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்ததில் அத்தைக்கு இரண்டு வந்தன. ஒன்று அச்சு முறுக்கு அச்சு. இன்னொன்று இந்த ஆங்கிலச் சமையல் புத்தகம். வரும்போதே அதற்கு அட்டை கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது. அத்தை காக்கித் தாள் போட்டுத் தைத்து, மேலே ‘கேக் புக்’ என்று எழுதினார். எங்கள் குடும்பத்தில் அதற்கு அதுதான் பெயர்.

ஓரத்து எழுத்து

அந்தப் புத்தகம் இங்கிலாந்து அடுப்படிக்காக எழுதப்பட்டது. எல்லாம் பவுண்டு, அவுன்ஸ், ஃபாரன்ஹீட். நர்ஸாக இருந்தவருக்கு அவுன்ஸ் பழகினதுதான். மருந்து கிளாஸில் தினமும் பார்த்தது. 8 அவுன்ஸ் என்று அச்சிட்ட இடத்தில் பக்கத்தில் 225 என்று எழுதியிருப்பார். 300 டிகிரிக்குப் பக்கத்தில் 150. முட்டை ஐந்து என்பதை அடித்துவிட்டு ‘6 – நம்ம முட்டை சின்னது’. நான் பிற்பாடு தராசில் வைத்துப் பார்த்தேன். நாமக்கல்லிலிருந்து நம் கடைக்கு வருகிற முட்டை ஓட்டோடு 53 கிராம் சுமாருக்கு இருந்தது. பிரிட்டனில் பெரிய முட்டை என்று விற்க வேண்டுமானால் இன்றைக்குக் குறைந்தது 63 கிராம் இருக்க வேண்டும். அங்கத்திய ஐந்து 315 கிராம், நம்முடைய ஆறு 318 கிராம். அத்தையிடம் அந்த நாளில் கிராம் தராசு இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. கேக் வெந்து வந்த விதத்தைப் பார்த்தே ஐந்தை ஆறாக்கியிருக்கிறார்.

பிராந்தி என்று வருகிற இடத்திலெல்லாம் ஒரு கோடு. மேலே ‘கமலா ஆரஞ்சு சாறு’. எங்கள் வீட்டில் குடி வாசனை ஆகாது. ஊறப்போடுகிற பழத்தில்கூட ஆகாது. இந்த ஒரு மாற்றம் மொத்தத் திட்டத்தையும் மாற்றிவிடும் என்பதை, ரம்மில் பழம் ஊறவைக்கிறவர்கள் சட்டென்று யோசிக்க மாட்டார்கள். ரம்மில் போட்டால் அக்டோபரிலேயே ஜாடியை மூடி வைத்துவிட்டு மறந்துவிடலாம். சாறு என்றால் முந்தின நாள் சாயங்காலம் பழத்தை அதிலேயே கொதிக்கவிட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாளே கலந்தாக வேண்டும். கேக்கும் மாதக்கணக்கில் தாங்காது. அதனால் அத்தையின் கேக் நாள் எப்போதும் டிசம்பர் 21 அல்லது 22.

ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு சேர்க்கிற புட்டிங் பக்கங்களில் ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தை. செர்ரி என்று போட்ட இடத்தில் ‘களாக்காய் தான், பரவாயில்லை’. நம் கடைகளில் சிவப்பாக மினுங்குகிற செர்ரி பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறின களாக்காய். டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். அத்தைக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. பிளம் கேக்கில் பிளம் எங்கே என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் உலர்ந்த திராட்சையைத்தான் பிளம் என்று சொன்னார்கள் என்று அந்தப் புத்தகத்திலேயே படித்துக் காட்டினார்.

புத்தகத்தின் கடைசியில் இருந்த வெற்றுத் தாள்களில் அத்தை தன்னுடையதை எழுதி நிரப்பினார். குல்குல், அச்சு முறுக்கு, தேங்காய் பர்ஃபி, எங்கள் ஊர் முந்திரிக்கொத்து. பேரைப் பார்த்து முந்திரிப்பருப்பு என்று நினைத்துக்கொள்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அது பாசிப்பயறு வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி மூன்று மூன்றாகப் பொரிப்பது, எண்ணெயில் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். தலச்சேரியில் 1883-இல் மாம்பள்ளி பாபு என்பவர் நம் நாட்டின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்ததாகச் சொல்வார்கள். மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி சீமையிலிருந்து வந்த கேக்கைக் கொடுத்து, இதுபோல் செய் என்றாராம். பிராந்திக்குப் பதிலாக பாபு உள்ளூரில் முந்திரிப்பழத்தில் எடுத்த சரக்கை ஊற்றினார் என்பது கதை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அத்தையின் பென்சில் கோடுகள்தான் ஞாபகம் வந்தன.

25-லிருந்து பின்னால் எண்ணு

டிசம்பர் பிறந்ததும் அத்தை நாள்காட்டியைச் சுவரிலிருந்து இறக்கி மேஜையில் வைப்பார். 25-லிருந்து பின்னால் எண்ணுவார். தேங்காய் பர்ஃபி சீக்கிரம் கெடும், அதனால் 24. கேக் 22. அச்சு முறுக்கு 20. ஈரக்காற்று பட்டால் நமுத்துப்போகும், ரொம்ப முன்னால் சுடக்கூடாது. குல்குல் 17, பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து, ஏனென்றால் சீப்பின் முதுகில் மாவை வைத்து உருட்ட நிறையக் கைகள் வேண்டும். முந்திரிக்கொத்து எல்லாவற்றுக்கும் முன்னால்; இரண்டு வாரம் தாங்கும், நாள் போகப் போக ருசி கூடும். மளிகைக்குப் பாரிமுனை. திராட்சை, பேரீச்சை, முந்திரி எல்லாம் அங்கே மொத்த விலைக் கடையில் வாங்கி, திரும்பும்போது பஸ்ஸில் இடம் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு வருவோம். இப்போதும் நான் இதே வரிசையில்தான் போகிறேன். என் மனைவி ஒரு வருஷம் வேலை நாளைப் பார்த்து அச்சு முறுக்கை 14-ஆம் தேதிக்கு மாற்றினாள். மழை வந்தது, 25-ஆம் தேதி ஒன்றுகூட நறுக்கென்று இல்லை.

அச்சு முறுக்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. அச்சு எண்ணெயிலேயே கிடந்து சூடேற வேண்டும். எடுத்து மாவில் முக்கும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாவு பிடிக்காது. முக்கால் பாகம்தான் முக்கலாம். மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டிவிட்டால், மேலேயும் மூடிக்கொண்டு எண்ணெயில் கழன்று வரவே வராது. அத்தை எனக்கு எட்டு வயதில் இதைக் கற்றுக்கொடுத்தார், என் கையின் மேல் தன் கையை வைத்து. இதை எழுதி வைக்கவே இல்லை. கை சொல்லும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

கேக் நாளன்று விடிகாலை நாலு மணிக்கு விளக்கு எரியும். நான் பாயில் படுத்துக்கொண்டே சத்தம் கேட்பேன். அலுமினியச் சட்டியில் மரக்கரண்டி, ஒரே சீராக. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கிற சத்தம். “வெளுக்கணும்டா, வெண்ணெய் வெளுக்கணும்” என்பார். ஆறு மணிக்கெல்லாம் மாவு தட்டுகளில் ஏறிவிடும். அப்போது எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. தட்டுகளை ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு தெரு தள்ளி இருந்த பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். விறகு அடுப்பு. ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டு இறக்கியிருப்பார்கள். தணலை வாரித் தள்ளிவிட்ட பிறகு செங்கல்லில் தங்கியிருக்கிற சூடு மெதுமெதுவாக இறங்கும். பழம் நிறைந்த கனமான கேக்குக்கு அந்த இறங்குசூடுதான் சரி. மாஸ்டர் ஒரு பிடி மைதாவை உள்ளே வீசி, அது எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்ப்பார். “இன்னும் கொஞ்சம் பொறுங்கக்கா” என்பார். வரிசையில் நிற்கிற தட்டுகளில் அவரவர் அடையாளம் இருக்கும். எங்கள் தட்டில் அத்தை மாவின் மேல் நாலு முந்திரியைச் சிலுவையாகப் பதித்திருப்பார்.

அதனால் நான் நினைத்தேன், நாலு மணி என்பது பேக்கரி வரிசைக்காக என்று. யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அந்த விறகு அடுப்பு ஒரு நாள் இல்லாமல் போனது. 2005-இல் என் முதல் போனஸில் வீட்டுக்கு ஓடிஜி என்கிற சின்னக் கரண்டு ஓவன் ஒன்று வாங்கினேன். அந்த டிசம்பர் 22-ஆம் தேதியும் நாலு மணிக்கு மரக்கரண்டிச் சத்தம் கேட்டது. எழுந்து போய், “அத்தை, அடுப்பு இப்ப நம்ம வீட்லயே இருக்கே. எதுக்கு இந்த நேரத்துல? ஒன்பது மணிக்குச் செஞ்சா என்ன?” என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீ போய்ப் படு” என்றார். பழக்கம் விடவில்லை என்று எண்ணிக்கொண்டு போய்ப் படுத்தேன். ஏன் என்று இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காமல் விட்டேன்.

வர்தாவுக்குப் பிறகு

அத்தை 2012-இல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் கேக் புக்கை நான் எடுத்தேன். கிராம் கிராமாக நிறுத்தேன், 150 டிகிரிக்கு மேல் ஓவனை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். கேக் கீழே கல்லாகவும் மேலே எண்ணெய் பூத்தும் வந்தது. வெட்டினால் பழமெல்லாம் அடியில். அடுத்த வருஷம் வெண்ணெயின் மேல் பழி போட்டு வேறு வெண்ணெய் வாங்கினேன்; பழத்தை மைதாவில் புரட்டினேன்; அதே கதை. அக்கா வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு அத்தையைப் பற்றிப் பேசினார்கள், எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. 2015-இல் வெள்ளம். கேக் செய்ய யாருக்கும் மனசில்லை, அந்த மாதம் முழுக்க பாயும் பிஸ்கட்டும் மூட்டை கட்டினோம்.

2016 டிசம்பர் 12 திங்கட்கிழமை வர்தா புயல் அடித்தது. அயனாவரத்தில் நாங்கள் இருக்கிற தெருவில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று வேரோடு சாய்ந்து மின்கம்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. அன்றைக்குப் போன கரண்டு செவ்வாய் ராத்திரியும் வரவில்லை. நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் சில்லறை இல்லை, கார்டு தேய்க்க மெஷின் ஓடவில்லை. ஃப்ரிட்ஜில் கேக்குக்காக வாங்கி வைத்த அரைக் கிலோ ஆவின் வெண்ணெய் இருந்தது. திறந்து பார்த்தேன், பொட்டலம் தளர்ந்துவிட்டது. இன்னும் ஒரு பகல் தாங்காது. வீணாகப் போவதற்குப் பதில் பாதி அளவு கேக்காவது ஆகட்டும் என்று, சாயங்காலமே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழத்தை ஆரஞ்சுச் சாறில் கொதிக்க வைத்தேன்.

மின்விசிறி இல்லாமல் தூக்கம் வரவில்லை. நாலு மணிக்கு எழுந்துவிட்டேன். ஜன்னல் வழியாக மழை வாசனையோடு குளிர்ந்த காற்று. சட்டியில் 110 கிராம் வெண்ணெய், பொடித்து வைத்த சர்க்கரை, அத்தையின் மரக்கரண்டி. பீட்டர் மெஷினுக்குக் கரண்டு இல்லையே. முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை, மஞ்சளாக, நறநறவென்று. கை வலிக்க ஆரம்பித்தபோது கரண்டிக்குக் கீழே ஏதோ மாறினது தெரிந்தது. கனம் குறைந்தது. மஞ்சள் வெளிறியது. பத்து நிமிஷத்தில் சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது எருமைத் தயிர் மாதிரி வெள்ளையாக இருந்தது. கரண்டியைத் தூக்கினேன், வெண்ணெய் வழியாமல் அப்படியே முனை கட்டி நின்றது. அத்தை சட்டியில் இருபது வருஷம் பார்த்த அதே வெள்ளை. என் சட்டியில் ஒரு தடவைகூட வராத வெள்ளை.

மெழுகுவர்த்தியைப் புத்தகத்தின் பக்கத்தில் நகர்த்தினேன். ‘வெண்ணெய் – 4 மணி.’ அவர் பேக்கரி என்று எழுதவில்லை, கேக் என்றும் எழுதவில்லை. வெண்ணெய் என்று எழுதியிருந்தார். அச்சில் இருந்த வாசகத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்: வெண்ணெய் அறையின் வெப்பத்தில் இருக்கட்டும் என்கிறது புத்தகம். அந்த அறை இங்கிலாந்தில் இருக்கிறது.

காரணம் ரொம்ப எளிது. சர்க்கரையின் கூர்முனைகள் வெண்ணெய்க்குள் காற்றை உழுதுகொண்டு போக வேண்டும். அந்தக் காற்றுக் குமிழிகள்தான் அடுப்பில் விரிந்து கேக்கைத் தூக்குகின்றன. பேக்கிங் பவுடர் ஏற்கெனவே இருக்கிற குமிழியைத்தான் பெரிதாக்கும். குமிழி உள்ளே தங்க வேண்டுமானால் வெண்ணெய் வளைய வேண்டும், ஆனால் உருகக்கூடாது. அதற்கு 18-லிருந்து 21 டிகிரி வரை நல்லது. நம் டிசம்பர் பகலில் அடுப்படி 29, 30. அந்தச் சூட்டில் வெண்ணெய் பார்க்கத்தான் கட்டி, உள்ளே பாதி எண்ணெய். அடிக்க அடிக்கக் காற்று நிற்காமல் ஓடிவிடும். இந்த ஊரில் வருஷம் முழுக்கத் தேடினாலும் 22 டிகிரிக்குப் பக்கத்தில் வருவது மார்கழி, தை விடியல்தான். தமிழில் கேக் சொல்லித் தருகிறவர்கள் பலரும் இன்றைக்கும் “வெண்ணெய் ரூம் டெம்பரேச்சர்ல இருக்கணும்” என்று சொல்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் நம் கைக்குக் கேக் வராது என்று விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு தாங்கவில்லை.

கரண்டு இல்லாததால் குக்கரில் வேகவைத்தேன். அடியில் இரண்டு டம்ளர் கல்லுப்பு, மேலே ஒரு வளையம், அதன் மேல் தட்டு. காஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, சிம்மில் ஒன்றரை மணி நேரம். விடிந்து, மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது வீடு முழுக்க ஆரஞ்சும் பட்டையும் கிராம்புமாக மணத்தது. மாடிப்படியில் உட்கார்ந்து எங்கள் பிளாக்கில் இருந்த எல்லாரும் தின்றோம், மரம் வெட்ட வந்த இரண்டு பேரும். பழம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தது. அக்காவுக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கொளத்தூர் வரை நடந்தே போனேன். விழுந்த மரங்களுக்கு நடுவில் வண்டி போகவில்லை. அவள் வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இது எப்படிடா?” என்றாள்.

ஏசி அறையில் வைத்து அடித்தாலும் வரும். இரண்டு வருஷம் கழித்து ஏசியை 22 டிகிரியில் வைத்துச் செய்து பார்த்தேன், வந்தது. சட்டியை நடுநடுவே ஐந்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தாலும் வரும். யாருக்கு எது வசதியோ அது. நான் நாலு மணிக்கு எழுந்திருக்கிறேன்.

இனி டொரண்டோ. ‘வெண்ணெய் – 4 மணி’ என்று அப்படியே அடித்து அனுப்பினால் அந்தப் பெண் பனிக்காலத்தில் ராத்திரித் தூக்கம் கெட்டு எழுந்திருப்பாள். அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பவும் என்னால் முடியவில்லை. சில நாள் கழித்து நானே கூப்பிட்டேன். வீட்டுக்குள் எவ்வளவு சூடு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஹீட்டர் 21-இல் இருக்கிறதாம். “அப்ப உன் வீட்ல நாள் முழுக்க நாலு மணிதான்மா” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புத்தகம், பேக்கரி, வர்தா எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆனது. அவள் பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “பாட்டி என் வீட்ல இருந்திருந்தா அந்த இடத்துல என்ன எழுதியிருப்பாங்க மாமா?” என்றாள். யோசித்தேன். கடிகாரத்தைப் பார்க்காதே என்றேன். வெண்ணெயை எடுத்து வெளியில் வை. முக்கால் மணி கழித்து ஒரு விரலால் அழுத்து. குழி விழணும், விரல் வழுக்கிக்கொண்டு போகக்கூடாது. எடுத்துப் பார்த்தால் விரலில் எண்ணெய் மினுங்கக்கூடாது.

முந்தாநாள் அவள் சும்மா பழகிப் பார்க்கச் செய்தாளாம், ஆபீஸிலிருந்து வந்து சாயங்காலம் ஏழு மணிக்கு. கேக் படம் இன்னும் வரவில்லை. முதலில் வந்தது விரலின் படம். பெரிதாக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மினுங்கவில்லை.